பெட்சைடு தொட்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கட்டிலை அளந்துவிடுங்கள்

பெட்சைடு தொட்டில் என்றால் பெரியவர்கள் கட்டிலோரம் ஒட்டி வைக்கிற குழந்தைத் தொட்டில். ஏழாம் மாதத்தில் ஆசையாக வாங்கிய அப்படியொரு தொட்டிலைப் பெட்டியோடு மூலையில் சாத்தி வைத்திருந்தோம். பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரித்தோம். அரை மணி நேரத்தில் பூட்டியாயிற்று. கட்டிலோரம் தள்ளினால், ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது. தொட்டிலின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். எங்கள் கட்டிலின் அடியிலோ முழுக்க இழுப்பறை. துண்டுகளைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்தேன். பார்க்கக் கச்சிதமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் கையேட்டைப் பிரித்துப் படித்தபோதுதான், செய்யவே கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த காரியத்தைச் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் அதற்கான கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இரண்டாவது தொட்டில் வாங்குவதற்குள் நிறையப் படித்தோம், நிறைய அளந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. உங்களுக்கு எந்த வகை வேண்டும்?

கடைகளில் ‘பெட்சைடு’ என்ற பெயரில் மூன்று விதமான பொருட்கள் விற்கிறார்கள்.

ஒன்று, ஒரு பக்கத்தைத் தாழ்த்திப் பெரியவர்கள் கட்டிலோடு பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவது. இரண்டு, நான்கு பக்கமும் மூடியபடி கட்டில் அருகே தனியாக நிற்பது. மூன்றாவது, பெரியவர்கள் மெத்தையின் மேலேயே, அம்மா அப்பா நடுவில் வைக்கிற பஞ்சு விளிம்பு வைத்த சிறு படுக்கை. இந்த மூன்றாவதை இரவுத் தூக்கத்துக்கு வாங்காதீர்கள். அதன் விளிம்பு மெத்தென்று இருக்கும், குழந்தையின் முகம் அதில் புதைந்துகொள்ளலாம். பெரியவர்களின் போர்வையும் தலையணையும் வேறு எட்டும் தூரத்தில் இருக்கும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை இதுதான்: குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கத் தூங்க வேண்டும். படுக்கை சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும். முதல் இரண்டு வகையுமே இதற்குப் பொருந்தும். சிசேரியன் ஆனவர்களுக்கு முதல் வகை பெரிய உதவி. எழுந்து நின்று குனியாமல், உட்கார்ந்த வாக்கிலேயே குழந்தையை எடுக்கலாம். ஆனால் உங்கள் கட்டிலோடு அது சரியாகப் பொருந்தாவிட்டால் தயங்காமல் இரண்டாவது வகைக்குப் போய்விடுங்கள். பொருந்தாத முதல் வகையைவிடத் தனியாக நிற்கும் தொட்டில் எவ்வளவோ மேல்.

2. டேப்பை எடுங்கள்

தொட்டில் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த அளவுகளைத் தாளில் எழுதி வையுங்கள்.

முதல் அளவு, தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேல்மட்டம் வரை. இதை இரண்டு தடவை எடுக்க வேண்டும்: கட்டில் காலியாக இருக்கும்போது ஒன்று, நீங்கள் ஓரத்தில் படுத்திருக்கும்போது ஒன்று. எங்கள் மெத்தை ஆள் படுத்ததும் 4 செ.மீ. அமுங்கியது. அதைக் கணக்கில் எடுக்காமல் வெறும் மெத்தையின் உயரத்துக்குப் பொருத்தினால் இரவில் நிலைமை வேறாகிவிடும்.

அடுத்து, கட்டிலுக்கு அடியில் தரைக்கும் சட்டத்துக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது, உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது. பெரும்பாலான பெட்சைடு தொட்டில்களின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நீள்பவை. பெட்டி போன்ற கட்டில், இழுப்பறை வைத்த கட்டில், தரையைத் தொடும் பலகை வைத்த கட்டில் இவற்றில் அந்தக் கால்கள் முட்டிக்கொள்ளும். கால்களை மடக்கவோ குறுக்கவோ வசதியுள்ள மாடல்கள் உண்டு. ஆனால் கால் குறுகினால் தொட்டில் சாயாமல் நிற்குமா என்பதைக் கையேட்டில் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது அளவைத்தான் யாரும் சொல்வதில்லை. கட்டில் சட்டம் மெத்தையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? இரண்டு விரல் அகலத்துக்கு மரச்சட்டம் துருத்தியிருந்தாலே தொட்டில் சட்டத்தில் முட்டி நின்றுவிடும், மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவே பள்ளம் விழும். வேலைப்பாடு செய்த கட்டில், வளைந்த ஓரம் உள்ள கட்டில் என்றால் இன்னும் கவனம்.

கடைசியாக, பட்டையை எங்கே கட்டுவது? சில மாடல்களில் பட்டை மெத்தைக்கு அடியில் ஓடிக் கட்டிலின் மறுபக்கச் சட்டத்தைப் பிடிக்கும். சிலவற்றில் இந்தப் பக்கச் சட்டத்தையே சுற்றும். சட்டமே இல்லாத மேடைக் கட்டில் என்றால் பிடிமானம் எங்கே என்று முதலிலேயே கேளுங்கள். கட்டிலின் மறுபக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் பட்டை போடக் கட்டிலை நகர்த்த வேண்டியிருக்கும். வாரா வாரம் இறுக்கம் பார்க்கும்போதும் அதே கதைதான்.

இடைவெளி விஷயத்தில் சமரசமே கூடாது. தொட்டிலுக்கும் பெரியவர்கள் மெத்தைக்கும் நடுவே சந்து இருக்கவே கூடாது. அந்தச் சந்தில் குழந்தையின் உடம்பு இறங்கித் தலை மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும். துண்டு, தலையணை, பஞ்சு எதை வைத்து அடைத்தாலும் அது இரவில் நகரும், அல்லது முகத்தை மூடும். நான் அடைத்த துண்டைக் கையால் லேசாக அழுத்திப் பார்த்தேன். கை அப்படியே உள்ளே போயிற்று.

தரையில் மெத்தை போட்டுப் படுப்பவர்கள் முதல் வகையை மறந்துவிடலாம். அவ்வளவு தாழ்வாக அது இறங்காது.

3. நீங்கள் எந்த வழியாக இறங்குவீர்கள்?

இதை நான் யோசிக்கவே இல்லை. தொட்டிலைக் கட்டிலோரம் கட்டிவிட்டால் அந்தப் பக்கம் இறங்க முடியாது. தொட்டிலின் நீளம் ஏறத்தாழ 90 செ.மீ. தலைமாட்டை ஒட்டி அதை வைத்தால் கால்மாட்டுப் பக்கம் மீதி இருக்கும் இடத்தின் வழியாகத்தான் நகர்ந்து நகர்ந்து இறங்க வேண்டும். வயிற்றில் தையலோடு ஒரு தடவை நகர்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

அதனால் கழிவறைக்கு அடிக்கடி எழுந்து போகிறவர் எந்தப் பக்கம் படுப்பது, இரவு விளக்கின் ஸ்விட்ச் எங்கே, கதவு திறந்தால் தொட்டிலில் இடிக்குமா என்பதை முன்கூட்டியே பாருங்கள். தரையில் தொட்டிலின் நீள அகலத்துக்குச் செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடமாடிப் பாருங்கள். சிரிப்பு வரும், ஆனால் பலன் உண்டு.

ஜன்னல் திரைக் கயிறு, சார்ஜர் ஒயர், குழந்தையைக் கண்காணிக்கும் கேமராவின் ஒயர் எல்லாம் தொட்டிலிலிருந்து குறைந்தது 90 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

4. லேபிள், கையேடு, ரசீது

தொட்டிலின் அடியிலோ மெத்தையின் உறையிலோ ஒரு லேபிள் இருக்கும். அதில் தர எண்ணைத் தேடுங்கள். ஐரோப்பியத் தரம் என்றால் இஎன் 1130. அமெரிக்கத் தரம் என்றால், கட்டிலோடு கட்டும் வகைக்கு ஏஎஸ்டிஎம் எஃப்2906, தனியாக நிற்கும் சிறு தொட்டிலுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்2194. ‘சர்வதேசத் தரம்’, ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று வெறுமனே எழுதியிருந்தால் அது விளம்பரம்தான். எண் கேளுங்கள்.

ஐரோப்பியத் தரமாக இருந்தால் எண்ணோடு ஆண்டையும் பாருங்கள். இஎன் 1130 தரம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி, பக்கத்தைத் தாழ்த்திய பிறகும் குழந்தையின் மெத்தைக்கு மேல் 12 செ.மீ. தடுப்பு மிஞ்ச வேண்டும். அதற்கு முந்தைய மாடல்கள் பலவற்றில் பக்கம் முழுக்க இறங்கி, குழந்தையின் மெத்தையும் பெரியவர்கள் மெத்தையும் ஒரே தளமாகிவிடும். படத்தில் அழகாக இருக்கும். குழந்தை உருண்டு உங்கள் போர்வைக்குள் வரவும், உங்கள் தலையணை அந்தப் பக்கம் போகவும் அது திறந்த வாசல்.

கையேட்டை வாங்குவதற்கு முன்னாலேயே படியுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் அதை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் நான்கு விஷயம் தேடினால் போதும்: எந்த வகைக் கட்டிலுக்குப் பொருந்தாது, உயரத்தை எத்தனை நிலைகளில் மாற்றலாம், எத்தனை கிலோ வரை தாங்கும், எந்த வளர்ச்சிக் கட்டத்தில் நிறுத்த வேண்டும். கட்டில் வகைக்கான எச்சரிக்கை பெரும்பாலும் நடுப்பக்கத்தில் ஒரு சின்னப் படமாக இருக்கும். எங்கள் முதல் தொட்டிலின் கையேட்டிலும் இழுப்பறைக் கட்டிலின் படம் போட்டு மேலே பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

வாங்கியதும் ரசீதையும் லேபிளையும் போட்டோ எடுத்து வையுங்கள். மாடல் எண், தயாரித்த தேதி, பேட்ச் எண் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். பதிவு அட்டை இருந்தால் நிரப்பி அனுப்புங்கள். ஏதாவது குறையால் நிறுவனம் அந்த மாடலைத் திரும்பப் பெறும்போது உங்களுக்குத் தகவல் வர அதுதான் வழி.

5. கடையில் கைவைத்துப் பாருங்கள்

மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். கை வடிவம் பதிந்து நின்றால் அது வேண்டாம். உடனே மேலே வந்துவிட வேண்டும். பெரியவர்களுக்குக் கல் மாதிரித் தோன்றுவதுதான் பச்சைக் குழந்தைக்குச் சரியான மெத்தை. ‘இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே’ என்று இன்னொரு மெத்தையோ மடித்த போர்வையோ அடியில் போடத் தோன்றும். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள். போடாதீர்கள். மெத்தை உயர உயரப் பக்கத் தடுப்பின் உயரம் குறையும். ஓரத்தில் இடைவெளியும் விழும்.

பக்கங்களில் வலைத்துணி இருந்தால் நல்லது. காற்று வரும், படுத்தபடியே குழந்தையின் முகமும் தெரியும். மரக்கம்பி வைத்ததாக இருந்தால் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. உள்பக்கம் கட்டும் பஞ்சுத் தடுப்பை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டு அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

பிறகு பக்கத்தை ஒரே கையால் இறக்கி ஏற்றிப் பாருங்கள். இன்னொரு கையில் குழந்தை இருக்கும், மறந்துவிடாதீர்கள். அதன் சத்தத்தையும் கேளுங்கள். பகலில் கடையில் கேட்காத ஜிப் சத்தம் இரவு மூன்று மணிக்கு அறை முழுக்கக் கேட்கும். அரை மணி நேரம் தட்டித் தூங்கவைத்த குழந்தை அந்த ‘சர்ர்ர்’ கேட்டதும் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு முழித்துக்கொள்ளும். எங்கள் இரண்டாவது தொட்டிலில் அதுதான் ஒரே குறை. பாதியைத் திறந்து விட்டு மீதியைப் பல் பல்லாக நகர்த்தக் கற்றுக்கொண்டோம்.

தொட்டிலின் ஒரு பக்கத்தை உயர்த்திச் சாய்வாக வைக்கும் வசதியை, பால் எதுக்களிக்கும் குழந்தைக்கு நல்லது என்று விற்பார்கள். நானும் அதை நம்பித்தான் முதல் மாடலைத் தேர்ந்தெடுத்தேன். எதுக்களிக்கிற குழந்தையும் சமதளத்தில் மல்லாக்கத்தான் படுக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சாய்வில் குழந்தை கீழே சரிந்து தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் மூச்சுவழி அடைபடும். கட்டிலோடு கட்டியிருக்கும்போது சாய்த்தால் ஒரு முனையில் சந்தும் விழும். எதுக்களிப்பு உங்களைக் கவலைப்படுத்தினால் கேட்க வேண்டிய ஆள் குழந்தை மருத்துவர்.

சக்கரம் இருந்தால் பூட்டு இருக்க வேண்டும். தொங்கும் பொம்மை, பாட்டு, விளக்கு இதற்கெல்லாம் கூடுதல் காசு தர வேண்டாம்.

6. பழைய தொட்டில் கிடைத்தால்

வாங்கலாம். சில மாதமே பயன்படுத்திய பொருள், சட்டம் புதிதுபோலவே இருக்கும். ஆனால் மூன்று நிபந்தனை. மாடல் எண்ணை இணையத்தில் தேடி, அது திரும்பப் பெறப்பட்ட மாடலா என்று பாருங்கள். எல்லாப் பட்டைகளும் கொக்கிகளும் இருக்கின்றனவா என்று கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு எண்ணுங்கள்; பெரும்பாலும் தொலைந்து போவது பட்டைதான். வேறு கயிறோ பெல்ட்டோ போட்டு ஒப்பேற்றக் கூடாது. கடைசியாக, பக்கத்தைத் தாழ்த்தித் தடுப்பு மிஞ்சுகிறதா என்று அளந்து பாருங்கள்.

மெத்தை மட்டும் புதிதாக இருந்தால் நல்லது. அதே மாடலுக்கு அதே நிறுவனம் தரும் மெத்தைதான் வேண்டும். ‘ஏறக்குறைய அதே சைஸ்’ என்பது ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி என்று அர்த்தம்.

சொந்தக்காரர் கொடுத்த தொட்டில் தேறாவிட்டால் வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். ‘எங்கள் கட்டில் உயரத்துக்குச் சேரவில்லை’ என்று சொல்லுங்கள். அளந்து பார்த்த யாருக்கும் அது பாதி உண்மையாகவாவது இருக்கும்.

7. செலவுக் கணக்கு

விலையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்கள் 9 கிலோ அல்லது 5, 6 மாதம், எது முதலில் வருகிறதோ அதுவரைதான். அதற்காக எவ்வளவு தரலாம் என்பது உங்கள் முடிவு. வாடகைக்குக் கிடைத்தால் நான் முதலில் அதைத்தான் விசாரிப்பேன். பின்னால் பெரிய தொட்டிலாக மாற்றலாம் என்று விற்கும் மாடல் என்றால், மாற்றுவதற்கான பாகங்கள் பெட்டியிலேயே இருக்கின்றனவா, தனி விலையா என்று கேளுங்கள்.

விலைச்சீட்டில் தெரியாத செலவுகளும் உண்டு. சில கட்டில்களுக்கு நீளப் பட்டை தனியாக வாங்க வேண்டியிருக்கும். விரிப்பு அந்த அளவுக்கென்றே தைத்ததாக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும். ஒன்று விரித்திருக்கும், ஒன்று துவைப்பில் இருக்கும், இன்னொன்று இரவு இரண்டு மணிக்குக் கக்கிய பிறகு தேவைப்படும். ஈரம் இறங்காத மெல்லிய உறை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல், திருப்பி அனுப்பும் செலவு. பெட்டி பெரியது, கனமானது. பொருந்தாவிட்டால் அனுப்பும் கூலி யார் தலையில் என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

8. எப்போது வாங்குவது?

மிகவும் தாமதித்தாலும் ஆபத்து, மிகவும் முந்தினாலும் ஆபத்து. 32ஆவது வாரத்திலிருந்து 34ஆவது வாரத்துக்குள் வீட்டுக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை சொன்ன தேதிக்கு முன்னாலும் வரலாம். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் ஒரு மாதம் முன்னதாக வாங்குங்கள். தொட்டிலும் இரண்டு வேண்டும், ஒன்றில் இருவரைப் போடக் கூடாது.

வந்த அன்றே பிரியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு டெலிவரி ஆன நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். உங்கள் பிரசவத் தேதிக்காக அது காத்திருக்காது. பூட்டி, கட்டிலோடு கட்டி, பெரியவர் ஒருவர் ஓரத்தில் படுத்துப் பார்த்து, சரி என்று தெரியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம் மெத்தையைச் சில நாள் காற்றாட விடுங்கள், புது வாசனை போகட்டும். உறையைக் கழற்றித் துவைத்துவிடுங்கள்.

9. பூட்டிய பிறகு

தாழ்த்திய பக்கத்தின் விளிம்பும் உங்கள் மெத்தையின் மேல்மட்டமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் பொதுவான முறை. உங்கள் மாடலின் கையேடு வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள். பட்டையை இறுக்கிய பின் தொட்டிலை வெளிப்பக்கம் பலமாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். நாம் கட்டிலில் ஏறி இறங்கும் ஆட்டத்திலேயே பட்டை மெல்லத் தளரும்.

உள்ளே விரிப்பு ஒன்று, குழந்தை ஒன்று, அவ்வளவுதான். தலையணை, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் வேண்டாம். தலையையும் மூடாதீர்கள், குழந்தைக்குச் சூடு அதிகமாகிவிடும். உங்கள் போர்வை விளிம்பைத் தாண்டி விழாதபடி அந்தப் பக்கம் மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். நீங்கள் கட்டிலில் இல்லாதபோது, குளிக்கப் போகும் ஐந்து நிமிடமானாலும், பக்கத்தை ஏற்றிப் பூட்டுங்கள். வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

10. எப்போது நிறுத்துவது?

கிலோ கணக்கையும் மாதக் கணக்கையும்விடக் குழந்தை செய்யும் வேலையைப் பாருங்கள். கையை ஊன்றி எழும்பப் பார்த்தாலோ, முட்டி போட்டாலோ, உட்கார முயன்றாலோ, விளிம்பைப் பிடித்து இழுத்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். புரள்வதையே எல்லையாக வைக்கும் மாடல்களும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். சில குழந்தைகள் நான்கு மாதத்திலேயே இதையெல்லாம் ஆரம்பித்துவிடும். அப்போதும் 6 மாதம்வரை உங்கள் அறையில்தான் படுக்கவைக்க வேண்டும். அதனால் அடுத்த பெரிய தொட்டில் அதே அறையில் எங்கே நிற்கும் என்பதையும் முதல் நாள் டேப் பிடிக்கும்போதே அளந்து எழுதிவிடுங்கள். நாங்கள் அதை எழுதவில்லை. பெரிய தொட்டில் வந்த அன்று அலமாரி ஹாலுக்குப் போயிற்று, இன்னமும் அங்கேதான் நிற்கிறது.